வலி முதலில் வந்ததா, விருப்பமின்மை முதலில் வந்ததா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வயது 39. ஓராண்டாக உடலுறவின்போது எரிச்சலும் வலியும். பூஞ்சைத் தொற்று என்று மூன்று முறை மருந்து போட்டும் குணமில்லை. ஆறு மாதமாக ஆசையே வருவதில்லை. ஆண்களுக்கு இருப்பதுபோல் பெண்களுக்கும் ஆசை வர மாத்திரை உண்டா?

மாத்திரை உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் கேள்வியிலேயே ஒரு வரிசை இருக்கிறது, அதைக் கவனியுங்கள். முதலில் வந்தது வலி. ஆசை போனது அதற்கு ஆறு மாதம் கழித்து. சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. வலியோடு முடிந்த ஒவ்வொரு உறவும் அடுத்ததைத் தவிர்க்கச் சொல்லி உடலுக்குப் பாடம் எடுத்திருக்கிறது. இப்படி வந்த விருப்பமின்மைக்கு ஆசை மாத்திரை கொடுப்பது, செருப்புக்குள் கிடக்கும் கல்லை எடுக்காமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி. ஆகவே முதல் வேலை, வலி எங்கே என்று பார்ப்பது.

எங்கே என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். யோனி வாசலிலேயே எரிகிறதா, உள்ளே நுழையவே விடாமல் சுவர் போல் முட்டுகிறதா, ஆழத்தில் குத்துகிறதா? மூன்றும் மூன்று வேறு கதைகள். எப்போது என்பதும் முக்கியம்: தொடும்போதேவா, நடுவிலா, முடிந்து மறுநாள் வரைக்குமா? முதல் உறவிலிருந்தே இருந்ததா, இடையில் வந்ததா? பிரசவம், அறுவை சிகிச்சை, புதிய மாத்திரை, மாதவிடாய் தள்ளிப்போவது என்று ஏதாவது அதற்குச் சற்று முன் நடந்ததா?

வாசல் வலியைக் கண்டறிய மருத்துவர்கள் செய்யும் சோதனை மிக எளிமையானது. ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சிதான் கருவி. தொடையின் உட்பகுதியில் தொடங்கி, வெளி உதடு, உள் உதடு என்று மெதுவாகத் தொட்டுக்கொண்டே வந்து, கடைசியில் உள் உதடுகளுக்கு நடுவே யோனி வாயைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுப் பகுதியைக் கடிகார முகம் போல் வைத்து ஒவ்வொரு மணியிலும் லேசாக அழுத்துவார்கள். சிறுநீர்த் துளைப் பக்கம் 12, ஆசனவாய்ப் பக்கம் 6. உதடுகளில் ஒன்றும் தெரியாமல், 5 முதல் 7 மணி வரை மட்டும் கத்தி வைத்தாற்போல் சுள்ளென்று இருந்தால், பெரும்பாலும் அடியில் உள்ள இடுப்புத்தள தசை இறுகியிருக்கிறது, அல்லது பிரசவத் தையலின் தழும்பு இருக்கிறது. வட்டம் முழுக்க, சிறுநீர்த் துளையைச் சுற்றியும் சேர்ந்து எரிந்தால், ஹார்மோன் குறைவை முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமலே "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவதுதான் வாசல் வலியில் அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்கேனில் இது தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

ஹார்மோன் குறைவு என்றவுடன் மாதவிடாய் நின்றவர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கும், அதே வறட்சி வரும். சிலருக்குக் கருத்தடை மாத்திரையிலும் வரும். சூலகம் நீக்கியவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜனை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இன்னும் கடுமையாக வரும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிகிறது, மடிப்புகள் மறைகின்றன, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு இயல்பான 3.8 முதல் 4.5 வரையிலிருந்து 5-க்கு மேல் ஏறுகிறது, பாதுகாப்பு தரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா குறைகிறது. அதனால்தான் வறட்சியோடு சிறுநீர் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர்த் தொற்றும் கூட்டாக வருகின்றன. 2014-ல் இந்தச் சிக்கலுக்கு மருத்துவர்கள் பெயரையே மாற்றினார்கள். முன்பு வெறும் "யோனி மெலிவு" என்றிருந்ததை, சிறுநீர்ப் பாதையையும் சேர்த்துச் சொல்லும் பெயராக ஆக்கினார்கள்.

வறட்சிக்கு மூன்று படி. உறவின்போது வழவழப்புக்குப் போடும் லூப்ரிகன்ட் ஒன்று, வாரம் இரண்டு மூன்று முறை உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போடும் மாய்ஸ்சரைசர் இன்னொன்று. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, உறவுக்கு முன் மட்டும் எதையோ தடவிவிட்டுப் "பலனில்லை" என்பவர்கள் நிறைய. லூப்ரிகன்ட் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பி.எச். 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆஸ்மோலாலிட்டி (ஜெல்லில் கரைந்திருப்பவற்றின் செறிவு) 380-க்குள் இருப்பது நல்லது, 1200-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் சொன்னது. கிளிசரின் நிறைய உள்ள மலிவு ஜெல்கள் இந்த அளவைப் பல மடங்கு தாண்டி, செல்லிலிருந்து நீரை உறிஞ்சி, போட்டபின்தான் அதிகம் எரியவைக்கும். நீர் சார்ந்தது சீக்கிரம் காயும், மறுபடி போடலாம். சிலிக்கான் சார்ந்தது நீடிக்கும். எண்ணெய் எதுவானாலும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனப்படுத்திக் கிழியவிடும்.

மூன்றாவது படி, யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன். எஸ்ட்ராடையால் 10 மைக்ரோகிராம் மாத்திரை என்றால் இரண்டு வாரம் தினமும் ஒன்று, பிறகு வாரம் இரண்டு. எஸ்ட்ரியால் கிரீம் என்றால் ஒரு முறைக்கு 0.5 மி.கி., அதே ஒழுங்கில். பெட்டிக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய், பக்கவாதம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து முதல் நாளே நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் ஆண்டில் மொத்தம் 114 மாத்திரை, 1.14 மி.கி. வாயால் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையில் ஒரே நாளில் 1 மி.கி. போகும். அந்த எச்சரிக்கைகள் வாய்வழி மருந்தின் ஆய்வுகளிலிருந்து வந்தவை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முதலில் ஹார்மோன் இல்லாத வழிகளை முயன்று, பிறகு புற்றுநோய் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் வேண்டாம் என்பவர்களுக்கு, தினமும் யோனியில் வைக்கும் பிராஸ்டிரோன் 6.5 மி.கி., வாயால் எடுக்கும் ஆஸ்பெமிஃபீன் 60 மி.கி. ஆகியவை மாதவிடாய் நின்றபின் பயன்படும். ஆஸ்பெமிஃபீன் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது.

இதில் நடக்கும் பிழைகள் இரண்டுதான். ஒன்று, இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவது. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இன்னொன்று, குழலை ஆழத்தில் செலுத்தி முழுவதையும் உள்ளேயே விடுவது. எரிவது வாசல்தான், ஆகவே கிரீமில் ஒரு பட்டாணி அளவை விரல்நுனியில் எடுத்து வாசல் வட்டத்திலும் தடவ வேண்டும்.

மூன்று முறை பூஞ்சை மருந்து போட்டதாகச் சொன்னீர்கள். யாராவது யோனித் திரவத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களா, கல்ச்சருக்கு அனுப்பினார்களா? பார்க்காமல் எழுதிக் கொடுத்திருந்தால் அது பூஞ்சை என்பது யூகம் மட்டுமே. பூஞ்சையில் அரிப்பு தூக்கலாக இருக்கும், தயிர்க்கட்டி போன்ற வெள்ளைத் திரவம், வாடை இல்லை, பி.எச். மாறாது. கிளோட்ரிமசோல் 500 மி.கி. ஒரு முறை உள்ளே வைப்பதோ, ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரு முறை சாப்பிடுவதோ பெரும்பாலும் போதும் (கர்ப்பமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் வேண்டாம்). மீன் வாடை, சாம்பல் நிற நீர்த்த திரவம், பி.எச். 4.5-க்கு மேல் என்றால் அது பாக்டீரியல் வஜைனோசிஸ். அதற்குப் பூஞ்சை மருந்து ஒன்றும் செய்யாது. மெட்ரோனிடசோல் தினம் இரண்டு வேளை 7 நாள். நுரைத்த மஞ்சள்-பச்சைத் திரவம் என்றால் உறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் தொற்று. அதற்கும் மெட்ரோனிடசோல்தான், ஆனால் துணையும் சேர்ந்து சாப்பிடாவிட்டால் திரும்ப வரும். எது எப்படியானாலும், யோனிக்குள் சோப்பு, கிருமிநாசினித் திரவம் விட்டுக் கழுவும் பழக்கத்தை விடுங்கள். உட்பகுதி தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் உறுப்பு. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

பூஞ்சை மருந்துக்கு மசியாத அரிப்பில் இன்னொன்றை மறக்கக் கூடாது: லைக்கன் ஸ்கிளீரோசஸ். தோல் வெளுத்து, சுருங்கிய மெல்லிய காகிதம் போல் ஆகும், கீறல் விழும். கவனிக்காமல் விட்டால் உள் உதடுகள் ஒட்டி மறைந்துபோகும், வாசல் குறுகும். ஆண்டுக்கணக்கில் பூஞ்சை என்றே வைத்தியம் பார்க்கப்படும் நோய் இது. சிகிச்சை, வீரியமான ஸ்டீராய்டு களிம்பு: குளோபெட்டசால் 0.05%, நான்கு வாரம் தினமும், அடுத்த நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்த நான்கு வாரம் வாரம் இருமுறை. "அந்த இடத்தில் ஸ்டீராய்டா" என்று பயந்து பாதியில் நிறுத்துவதுதான் இங்கே கெடுதல். சரியாகப் போடாவிட்டால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய்க்கு ஒரு சிறிய வாய்ப்பு உண்டு என்பதால் ஆண்டுக்கொரு முறை காட்ட வேண்டும்.

இனி தசை. இதில் சற்று அதிக நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் வலி எந்தக் காரணத்தால் தொடங்கியிருந்தாலும் கடைசியில் இங்கே வந்து சேர்கிறது. கண்ணை நோக்கி விரல் வந்தால் இமை மூடுவதுபோல, வலி வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் உடல் இடுப்புத்தள தசைகளை இறுக்குகிறது. இறுகினால் உராய்வு கூடும், வலி கூடும், அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே இறுகும். தொற்று போய், வறட்சியும் சரியான பிறகும் இந்த வட்டம் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் உறவிலிருந்தே நுழைய முடியாத நிலைக்கும் (வஜைனிஸ்மஸ்) தசைதான் மையம். "மனசைத் தளரவிடு" என்ற அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை, இமையைப் பார்த்து மூடாதே என்று சொல்வது போலத்தான்.

தசையைப் பழக்க டைலேட்டர் என்ற வழவழப்பான குழல்கள் அளவு வாரியாக ஒரு செட்டாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் நகம் வெட்டிய சொந்த விரலே தொடக்கத்துக்குப் போதும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வெளிப்பக்கம் தலையணை வைத்துத் தாங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் மூச்சு: மூச்சை இழுக்கும்போது வயிறு உப்ப வேண்டும், கூடவே ஆசனவாய்ப் பக்கம் கீழே இறங்கி விரிவது தெரிய வேண்டும். அது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு நிறைய லூப்ரிகன்ட் தடவிய மிகச் சிறிய அளவை வாசலில் வைத்து, தள்ளாமல், லேசாக முக்குவதுபோல் செய்யுங்கள், வாசல் திறக்கும். அந்த நேரத்தில் முதுகுப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து உள்ளே விடுங்கள். உள்ளே போனதும் அசைக்காமல் மூச்சு மட்டும், 10 முதல் 15 நிமிடம். வலியைப் பத்துக்கு எத்தனை என்று மனதில் போட்டுக்கொண்டே இருங்கள். மூன்றைத் தாண்டினால் கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்துங்கள். தொடர்ந்து மூன்று நாள் ஒன்று, இரண்டுக்குள்ளேயே இருந்தால் அடுத்த அளவு. வாரம் ஐந்து நாள் செய்தால் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பெரிய அளவுக்குத் தாவுகிறவர்கள் தசைக்கு மறுபடி பழைய பாடத்தையே கற்பிக்கிறார்கள். அதைவிடப் பெரிய தவறு, எங்கோ படித்துவிட்டு கெகல் பயிற்சி செய்வது. அது தளர்ந்த தசையை இறுக்கும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிய தசைக்கு அதைச் செய்தால் நிலைமை மோசமாகும். இடுப்புத்தளம் பார்க்கப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவர் விரலால் தொட்டு எந்தத் தசை முடிச்சிட்டிருக்கிறது என்று சொல்வார். வாசல் எரிச்சல் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்கு 15 நிமிடம் முன் 5% லிக்னோகேய்ன் ஆயின்மென்ட் தடவித் துடைத்துவிடச் சொல்வதுண்டு. இது தற்காலிக ஊன்றுகோல்தான். இவற்றில் எதுவும் உதவாத கடுமையான நிலையில் அந்தத் தசைகளைத் தளர்த்தப் போட்டுலினம் டாக்சின் ஊசியும் போடுகிறார்கள்.

இந்த மாதங்களில் உட்புகும் உறவு வேண்டாம் என்று இருவரும் பேசி வெளிப்படையாக ஒத்துக்கொள்ள வேண்டும். "முயற்சி செய்து பார்ப்போம்" என்ற அரைகுறை ஏற்பாடு ஒவ்வொரு தொடுகையையும் சோதனையாக மாற்றிவிடும். பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1970-ல் வகுத்த முறை இன்றும் நிற்கிறது: முதலில் மார்பு, பிறப்புறுப்பு தவிர்த்த தொடுகை மட்டும், சில வாரம் கழித்து அவையும், கடைசியில்தான் உட்புகுதல். தொடுகிறவர் தன் கைக்கு என்ன தெரிகிறது என்று கவனிக்க வேண்டுமே தவிர, எதிரில் இருப்பவருக்குக் கிளர்ச்சி வருகிறதா என்று உளவு பார்க்கக் கூடாது.

ஆழத்து வலி தனி ரகம். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), சூலகக் கட்டி, இடுப்பறை அழற்சி, கருப்பை நார்க்கட்டி, சிறுநீர்ப்பை வலி நோய், ஏன், நாள்பட்ட மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். மாதவிடாய் நாளில் மலம் கழிக்கும்போதும் வலி இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இதற்கு ஸ்கேன் தேவை, ஆனால் ஸ்கேனில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

இப்போது ஆசை. ஆசை முதலில் வந்து, பிறகு கிளர்ச்சி, பிறகு உச்சம் என்ற நேர்கோட்டுப் படம் பல பெண்களுக்குப் பொருந்துவதில்லை. நீண்ட நாள் உறவில் இருப்பவர்களுக்கு, நெருக்கமும் தொடுகையும் தொடங்கிய பிறகு ஆசை பின்னால் வந்து சேர்வது சகஜம் என்று மருத்துவர் ரோஸ்மேரி பேசன் 2000-ல் விளக்கினார். தானாகத் தோன்றவில்லை என்பதால் மட்டும் அது நோய் ஆகாது. ஆறு மாதமாவது நீடித்து, அந்தப் பெண்ணுக்கே அது உளைச்சலாக இருந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கோளாறு என்பார்கள். துணையின் உளைச்சல் மட்டும் கணக்கில் சேராது.

மருந்துப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெடின், எஸிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் ஆசையையும் உச்சத்தையும் மழுங்கடிக்கும். புப்ரோபியான் அந்த வகையில் சாது. ஆனால் திடீரென்று நீங்களே நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் பேசி மாற்றுங்கள். தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், சர்க்கரை இந்த நான்கையும் பார்த்துவிடுவது நல்லது. தூக்கமின்மையும் வீட்டில் தீராத சண்டையும் ரத்தத்தில் தெரியாது, ஆனால் இவற்றைவிட அதிகம் கெடுப்பவை அவைதான்.

கேட்ட மாத்திரைக்கு வருகிறேன். ஃப்ளிபான்செரின், 100 மி.கி., தினமும் படுக்கும்போது. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண்களின் மாத்திரை மாதிரித் தேவைப்படும்போது போடுவதல்ல, மூளையில் வேலை செய்வது. மதுவோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். பலன் மிதமானதே. எட்டு வாரத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பிரெமலனோடைட் 1.75 மி.கி. ஊசி, 2019-ல் வந்தது. உறவுக்கு முக்கால் மணி நேரம் முன் தோலடியில் போட வேண்டும், பத்தில் நான்கு பேருக்குக் குமட்டும். இரண்டும் முதலில் அனுமதிக்கப்பட்டது மாதவிடாய் நிற்காதவர்களுக்கு. நின்றவர்களுக்கு, மற்ற காரணங்களை விலக்கிய பிறகு, டெஸ்டோஸ்டீரோன் கிரீமைப் பெண்களுக்கான சிறு அளவில் தரலாம் என்று 2019-ன் உலகளாவிய வழிகாட்டி சொல்கிறது. ரத்த அளவைப் பார்த்துக்கொண்டே போட வேண்டும், ஆறு மாதத்தில் பலனில்லையென்றால் விட வேண்டும். ஆண்களின் ஜெல்லை அப்படியே பூசினால் முகத்தில் முடியும் குரல் மாற்றமும் வரும், குரல் திரும்பாது. ஆண்களின் மாத்திரையான சில்டெனாஃபில் (வயாக்ரா) பெண்களின் ஆசைக்கு உதவுவதில்லை. இவை எதுவும் வலிக்கு மருந்தல்ல.

உச்சம் வருவதில்லை என்று தனியாகக் கவலைப்படுபவர்களுக்கு: உட்புகும் உறவால் மட்டும் உச்சம் எட்டாத பெண்களே அதிகம், அது குறைபாடல்ல. வெளியே தெரியும் கிளிட்டோரிஸ் ஒரு நுனிதான், மீதி உடல் உள்ளே யோனியின் இருபுறமும் படர்ந்திருக்கிறது என்று அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-ல் இறந்தவர் உடல்களை அறுத்துப் பார்த்து விவரித்தார். தூண்டல் அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிடாய் நின்றபின் எந்த ரத்தமும், காய்ச்சலோடு அடிவயிற்று வலி, ஆறாத புண், கட்டி. இவற்றுக்கு முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகுதான் மேலே சொன்னதெல்லாம்.

பரிசோதனைக்குப் போகும்போது, உட்கார்ந்தவுடன் "எனக்கு உடலுறவின்போது வாசலில் எரிகிறது, ஒரு வருடமாக" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று சுற்றிவளைத்தால் அதற்குத்தான் மருந்து கிடைக்கும். முன்பு போட்ட மருந்துகளின் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே எந்தக் கிரீமும் வைக்காதீர்கள், திரவச் சோதனை கெட்டுவிடும். பெண் உதவியாளர் உடனிருக்கக் கேட்கலாம். ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) உள்ளே விடுவதற்கு முன் பஞ்சுக்குச்சிச் சோதனையையும் ஒரு விரல் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். ஸ்பெகுலம் தேவைப்பட்டால் சிறிய அளவைக் கேளுங்கள், நீங்களே பிடித்து உள்ளே விடுகிறேன் என்றும் சொல்லலாம், பலர் அப்படிச் செய்கிறார்கள். "நிறுத்துங்கள்" என்றால் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எழுந்து வந்துவிட்டு வேறு மருத்துவரைப் பாருங்கள்.